எலிசாளின் கண்ணும் ஒரு விசிறிப் பனையும்

ஒருத்தி வயிறெரிந்தால் ஒரு மரம் பட்டுப்போகுமா? உங்களைத்தான் கேட்கிறேன். சிரித்து மழுப்ப வேண்டாம். ஆம் என்றோ இல்லை என்றோ மனதுக்குள் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள். ஏனென்றால், இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பரீட்சைத் தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், அதையே பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர்கள், கழக்கூட்டத்தில் குளிர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்துதான், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், எலிசாள் என்ற பெண்மீது 'ஆம்' என்று தீர்ப்பெழுதி அவளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

எலிசாள் பொறாமைக்காரிதான். அவளைப் புண்ணியவதியாக்கி உங்களிடம் இரக்கம் வாங்க நான் வரவில்லை. தங்கை லில்லிபாயின் பெயரை யாராவது எடுத்தால் அவள் முகம் புளியைக் கடித்ததுபோல் ஆகும். தங்கைக்கு வரும் புகழ் ஒவ்வொன்றும் தன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனது என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்க அவளுக்குக் காரணமும் இருந்தது.

இருவரில் எலிசாள் இரண்டு வயது மூத்தவள். அம்மா முன்பே இறந்துவிட்டாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு முதலில் இடம் கிடைத்தது எலிசாளுக்குத்தான். வெள்ளை உடுப்புத் தைத்தாகிவிட்டது. அதைப் போட்டு நாலு மாதம் ஆவதற்குள் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். வீட்டில் யாராவது இருக்க வேண்டும். யார் என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்தாள். இரண்டு வருடம் கழித்து அதே உடுப்பை இடுப்பில் பிடித்துத் தைத்து லில்லி போட்டுக்கொண்டு போனாள். அங்கிருந்து இங்கிலாந்து போனாள். லீட்ஸ் நகரத்தில் வேலை, கலியாணம், சொந்த வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுத் தோட்டம்.

எலிசாளுக்கு அப்பா. அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டி, பதினோரு வருடம். பாதி நாவால் அவர் தினமும் கேட்டது ஒரே கேள்வி: "லில்லி வந்தாளா?" ஊட்டுகிற கை யாருடையது என்று அவர் கேட்டதில்லை. அந்த வீட்டில் வாடிக்கையாகத் தேங்காய் வாங்குகிற என்னிடம் இதைச் சொன்னபோது எலிசாள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா போன பிறகு எலிசாளுக்கு மிச்சமானது வீடும் ஆறு தென்னையும். அவள் கலியாணம் செய்துகொள்ளவில்லை. தேங்காய் வாங்க வருகிறவர்களை விட்டால், வருடம் முழுவதும் அவளை யாரும் தேடி வருவதில்லை, ஒரு நாளைத் தவிர.

அந்த நாள் குருத்தோலை ஞாயிறு. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சபையார் எல்லாரும் கையில் குருத்தோலை பிடித்துப் பாடிக்கொண்டு ஊர்வலமாகக் கோயிலுக்குப் போவார்கள். பவனி என்பார்கள். தென்னையில் விரியாத குருத்தை வெட்டினால் மரம் தளர்ந்துபோகும், காய்ப்புக் குறையும். ஆகவே ஓலைபற்றி எல்லாரும் பாடுவார்கள்; தன் மரத்தை ஒருவரும் கொடுக்க மாட்டார்கள். எலிசாளின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு ஆறு தென்னைதான் கொடுத்து வந்தது. ஒரு வருடம் ஒரு மரம் என்று முறை வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மரமேறுகிற வேலப்பன் வெட்டி இறக்குவான். எலிசாள் ஓலைகளைத் தனித்தனியாகக் கிழித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பாள். காலையில் பவனி அவள் வாசலிலிருந்துதான் புறப்படும். முதல் ஓலையைப் போதகர் அவள் கையிலிருந்து வாங்குவார். பிறகு பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள்.

"எலிசா பெரியம்மே, எனக்கு நீட்டமுள்ளது!"

"தள்ளாதடே! ஒக்க எல்லாருக்கும் உண்டு. உனக்க மூக்குல குத்துத மாதிரி ஒண்ணு தாறேன், நில்லு."

அந்த ஒரு மணி நேரம் எலிசாள் ராணி. அதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு நாற்காலி கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1996 கிறிஸ்துமஸுக்கு லில்லி வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு போட்டோ அனுப்பினாள். வெள்ளை வெளேரென்று பனி. வேலி, கூரை, புல் எல்லாம் மூடிக் கிடக்கிறது. நடுவில் ஆளுயரத்தில் ஒரு பனை நிற்கிறது. விரிந்த விசிறி இலைகள்மேல் பனி படிந்திருக்கிறது. பக்கத்தில் கம்பளிச் சட்டையில் லில்லி சிரிக்கிறாள்.

அந்த மரத்துக்குப் பின்னால் நியாயமான உழைப்பு இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு தேங்காயை லில்லி முதலில் வீட்டுக்குள் முளைக்க வைத்துப் பார்த்தாள். இரண்டாவது குளிர்காலத்தில் செத்தது. பிறகு பூங்கன்றுக் கடையில், சீன மலைகளிலிருந்து வந்த ஒரு ஜாதி உண்டு, பனியைத் தாங்கும் என்றார்கள். அதிலும் மூன்று கன்று போயின. குளிரால் அல்ல, குருத்துக்குள் தண்ணீர் தங்கி அழுகியதால். நாலாவதைத் தெற்கு பார்த்த சுவரோரம், மண்ணில் சரளை கலந்து நட்டாள். குளிர் தொடங்கும்போது இலைகளைப் பெண்பிள்ளையின் தலைமயிர்போல் மேலே தூக்கிக் கட்டி, சாக்கும் கம்பளியும் சுற்றி, வேரடியில் வைக்கோல் பரப்பினாள். வெயில் தெரிந்த அன்று கட்டை அவிழ்த்துக் காற்று காட்டினாள். மரம் பிடித்துக்கொண்டது.

இதில் அற்புதம் ஒன்றுமில்லை. பனை என்றால் வெப்பநாட்டு மரம் என்பது நம் கிணற்றுக்குள்ளிருந்து பார்த்த பார்வை. நம் இமயமலைச் சரிவிலேயே பனிவிழும் காட்டில் நிற்கிற பனைகள் உண்டு. ஆனால் நேசையன் போதகருக்கு ஒரு அற்புதம் தேவைப்பட்டது. போட்டோவைப் பெரிதாக்கிக் கோயில் வராந்தாவில் மாட்டினார். விசுவாசம் இருந்தால் பனிக்கட்டியிலும் தென்னை வளரும் என்று ஒரு மணி நேரம் பிரசங்கித்தார். லில்லி சுற்றிய கம்பளி பிரசங்கத்தில் வரவில்லை.

அன்று கோயில் வாசலில் பெண்கள் எலிசாளை விடவில்லை.

"உனக்க தங்கச்சிக்க விசுவாசத்தக் கண்டியா எலிசா? பனியில தென்னை வளக்கியா!"

"அது தென்னை இல்ல."

"பின்ன?"

"விசிறி. சூட்டுக்கு வீசிக்கலாம், போ."

வீட்டுக்கு வந்த ஒரு படத்தை அவளும் மாட்டத்தான் வேண்டியிருந்தது. மாட்டாவிட்டால் அதற்கும் பேசுவார்கள். அடுக்களை வாசலுக்கு நேரே ஆணி அடித்தாள். அரிசி களையும்போதும் அது தெரியும். தேங்காய் திருவும்போதும் தெரியும். ஒரு நாள் அதன் முன்னால் நின்று அவள் சொன்னதை, தேங்காய் வாங்கப் போயிருந்த நான் என் காதால் கேட்டேன்.

"மரத்துக்குக் கம்பளி போத்துனா போட்டோ. எனக்க அப்பாவுக்கு நான் பதினோரு வருசம் போத்துனேன். ஒருத்தன் போட்டோ எடுத்தானா?"

1998இல் குருத்தோலை ஞாயிற்றை ஒட்டி லில்லி விடுமுறையில் வந்தாள். பெட்டிக்குள் பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் ஈரத்துணி, துணிக்குள் அதே ஜாதிப் பனையின் முழ உயரக் கன்று. இங்கேதான் ஊரே சேர்ந்து அந்தத் தவறைச் செய்தது. பனியிலேயே வளர்கிற மரம், நம் வெயிலில் எப்படிக் கொழுக்கும் என்று நினைத்தார்கள். குளிரைத் தாங்குகிறது என்றால் எல்லாவற்றையும் தாங்கும் என்று எண்ணிவிட்டார்கள். மலைக் குளிரில் பிறந்ததற்கு நம் புழுக்கம்தான் தண்டனை என்று யாருக்கும் தோன்றவில்லை. வித்துரா வழியாக ஒரு ஜீப்பில் பொன்முடி மலைக்கு ஏற்றியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும்.

அதற்குப் பதில், குருத்தோலை ஞாயிறு பவனி முடிந்ததும் கோயில் முற்றத்தில், சிமெண்டுத் தரைக்கு நடுவே, பங்குனி வெயிலில் குழி வெட்டினார்கள். சபைக் கமிட்டிச் செயலாளர் சற்குணம் சார் முன்னால் நின்றார். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். தென்னம்பிள்ளை வைக்கும்போது நம் பக்கத்தில் குழியில் உப்பும் சாம்பலும் போடுவது வழக்கம். சார் உப்பு மூட்டையை அவிழ்த்தார்.

லில்லி தயங்கினாள். "சாறே, இதுக்கு உப்பு ஆகாதுன்னு தோணுது. தண்ணியும் கெட்டி நிக்கப்படாதுன்னு கடையில பறஞ்சாவ."

"அது அங்கத்த மண்ணு பிள்ளே. இஞ்ச நம்ம முறைக்குத்தான் வைக்கணும். போடுடே உப்ப!"

இரண்டு கை உப்பு விழுந்தது. கன்று இறங்கியது. சபையார் ஒவ்வொருவரும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி ஜெபித்தார்கள். குழி குளமாகி நின்றது. நேசையன் போதகர் கையை உயர்த்தி அறிவித்தார்:

"இந்த மரம் வளந்து வரும்போ, நம்ம குருத்தோலை இனி இதுலருந்துதான்! வேற எங்கயும் கேட்டுப் போகண்டாம்."

அல்லேலூயா என்றார்கள். மிச்சமான ஓலைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு எலிசாள் கடைசி வரிசையில் நின்றாள். அவள் நாற்காலியை எல்லார் முன்னாலும் இழுத்துவிட்டார்கள். அதற்கு அவளும் ஆமென் சொல்ல வேண்டியிருந்தது. அன்று ராத்திரி அந்தக் கன்று சாக வேண்டும் என்று அவள் ஜெபித்தாள். ஆம், ஜெபித்தாள். மறைக்காமல் என்னிடம் சொன்னாள். நான் அதை மறைக்காமல் உங்களிடம் சொல்கிறேன்.

லில்லி லீட்ஸுக்குத் திரும்பினாள். கன்றின் இலை நுனி சித்திரையில் கருகியது. ஜூனில் பிடித்த இடவப்பாதி மழையில் மஞ்சளானது. அதைப் பார்த்தவர்கள் விசுவாசத்தோடு இன்னும் தண்ணீர் ஊற்றினார்கள். எலிசாளோ ஞாயிறு தவறாமல் அதைக் கடைக்கண்ணால் பார்த்துப் பார்த்து வந்தாள். ஒவ்வொரு மஞ்சளும் அவளுக்கு ஒரு மிட்டாய்.

ஓணம் கழிந்த ஒரு சாயங்காலம் அவள் தனியாகக் கோயில் முற்றத்துக்குப் போனாள். தென்னை வைத்திருக்கிற யாரும் செய்வதை அவளும் செய்தாள்: நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தாள். உறுதியாக நின்றால் மரம் நலம். கையோடு வந்தால் அடி அழுகிவிட்டது என்று பொருள். பனை ஜாதிக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் வேறு கிளை கிடையாது. குருத்து கையோடு வந்தது. அடியில் பழுப்புச் சேறு, நாற்றம்.

"எலிசா! என்ன செய்யுதே?"

சற்குணம் சார் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

"இழுத்துப் பாத்தேன் சாறே. அழுகியிருக்கு."

"அழுகியிருக்கா, நீ பிடுங்குனியா?"

"மோந்து பாரும். இப்பம் பிடுங்குனதுக்கா இந்த நாத்தம் வரும்?"

அவர் மோந்து பார்க்கவில்லை. முப்பது வருடம் அறிவியல் படிப்பித்த மனிதர், மூக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கமிட்டி கூடியது. பிடுங்கினாள் என்று சிலர் சொன்னார்கள். பிடுங்கவில்லை, கண்ணு போட்டுவிட்டாள், அதுதான் அழுகியது என்று பலர் சொன்னார்கள். பொறாமை இல்லையென்று அவள் சத்தியம் செய்திருந்தால் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எலிசாள் பொய் சொல்லவில்லை.

"உனக்குத் தங்கச்சிமேல பொறாமை உண்டா இல்லியா?" என்று கேட்டார் போதகர்.

"உண்டு."

"மரம் சாகணும்னு நினைச்சியா?"

"நினைச்சேன்."

கூட்டம் மூச்சை இழுத்தது. அவள் நிறுத்தவில்லை.

"ஆனா போதகரே, ஒண்ணு கேக்கேன். எனக்க கண்ணுக்கு அம்புட்டுப் பவர் உண்டுமானா, இங்கிலாந்துல நிக்க பெரிய மரம் எப்பமோ பட்டிருக்கணுமே? அந்தப் போட்டோவ எனக்க அடுக்களையில மாட்டி, ரெண்டு வருசமா தினம் மூணு நேரம் பாத்து எரியுதேன். அது கொழுத்துட்டுல்லா வருது! ஞாயிறுக்கு ஒருக்கா பாத்தது பட்டுப்போச்சு, தினம் பாத்தது வளருதா? இதென்ன கணக்கு, சற்குணம் சாறே?"

பின் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு அந்தக் கூட்டம் முடிந்திருக்க வேண்டும். நியாயம் உள்ள ஊராக இருந்தால் முடிந்திருக்கும். உப்பு போட்ட கை யாருடையது, குழியைக் குளமாக்கியது யார், வெந்த சிமெண்டுக்கு நடுவில் குளிர்நாட்டுக் கன்றை நட்டது யார் என்று விசாரித்திருப்பார்கள். இங்கே நூறு பேர் செய்த தவறைச் சுமக்க ஒருத்தி தேவைப்பட்டாள். கணவன் இல்லாதவள், பிள்ளை இல்லாதவள், நாக்கு மட்டும் உள்ளவள். தோதாகக் கிடைத்தாள். பொறாமை பிடித்த கையால் ஓலை வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள்.

அடுத்த வருடம் பட்டணத்தில் கிழக்கேகோட்டைப் பக்கம் சாலைக் கடைத்தெருவில் போய் ஓலை வாங்கி வந்தார்கள். பவனி கோயில் கேட்டிலிருந்தே புறப்பட்டு ஊரைச் சுற்றியது. எலிசாள் வழக்கம்போல வேலப்பனை ஏற்றி, முறைப்படி அந்த வருடத்து மரத்தில் குருத்து வெட்டி, ஈரத்துணி சுற்றி, வாசலில் வந்து நின்றாள். பாட்டு அவள் வீட்டை நெருங்கியபோது மட்டும் சத்தம் கூடியது. பிள்ளைகளின் தலையைத் தாய்மார்கள் மறுபக்கம் திருப்பிப் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஊரில் எது வாடினாலும் அவள் கணக்கில்தான் சேர்ந்தது. பசுவுக்குப் பால் வற்றினால் எலிசாள். பிள்ளைக்குப் பேதி என்றால் எலிசாள். பஸ் ஸ்டாப்பில் அவள் வந்து நின்றால் கைக்குழந்தைகள் முந்தானைக்குள் மறைந்தன. அவளும் சளைக்கவில்லை, "மூடு மூடு, கொசு கடிக்கும்" என்பாள். ஆனால் வாசலில் ஓலையோடு நிற்பதை அவள் ஒரு வருடம்கூட விடவில்லை. ஒரு வருடம்கூட ஒரு கையும் நீளவில்லை.

போன வருடம், 2003இல், லில்லி மறுபடி வந்தாள். அக்காளைப் பார்க்கத் தயங்கித் தயங்கித்தான் வந்தாள். கன்று அக்காளின் கண்ணால் போனது என்று அவளுக்கும் போனில் சொல்லியிருந்தார்கள். அடுக்களையில், அந்தப் போட்டோவுக்குக் கீழே நடந்த பேச்சை எலிசாள் எனக்கு நடித்தே காட்டினாள்.

"நீ செய்யல்லன்னு எனக்குத் தெரியும்க்கா. உப்பு போட்டப்பமே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா அஞ்சு வருசம் வாயில என்னட்டி வச்சிருந்தே, கொழுக்கட்டையா?"

லில்லி போட்டோவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் பொறாமைதான்."

"ஆரு மேல?"

"உனக்க மேலதான். அப்பா கடைசி மூச்சு விட்டது உனக்க மடியில. குருத்தோலை அன்னைக்கு முதல் ஓலை உனக்க கையில. அங்க நான் ஒரு மரத்தக் கெட்டிப்பிடிச்சிட்டு, சாக்கு சுத்தி, வைக்கோலு போட்டு... எதுக்குன்னு நினைச்சே? இஞ்ச உனக்கு ஆறு தென்னை தானா நிக்கி. பவனியில எனக்கும் ஒரு மரம் இருக்கட்டும்னுதான் அந்தக் கன்னக் கொண்டாந்தேன்."

எலிசாள் தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பம் நீயும் எனக்க தென்னைய நினைச்சு எரிஞ்சே?"

"எரிஞ்சேன்."

"எத்தன வருசம்?"

"இஞ்சருந்து போன நாள்லருந்து."

"எனக்க தென்னை ஏதாவது பட்டுதா?"

"இல்ல."

"உனக்க மரம்?"

"போன வருசம் பூத்துது."

"கண்டியா! ரெண்டு பேரும் இத்தன காலம் உயிரக் குடுத்து எரிஞ்சும் ஒரு மட்டை கூட விழல்ல. நம்மளப் போயி பெரிய ஆளுன்னு நினைச்சுட்டு இருக்கானுவ!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எலிசாளுக்கு மறுபடி எரிச்சல் வந்தது. பூத்தது என்று லில்லி சொன்னவிதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

லில்லி மறுநாள் கோயிலுக்குப் போய், உப்பையும் வெயிலையும் தேங்கிய தண்ணீரையும் பற்றிச் சொன்னாள். நேசையன் போதகர் மாற்றலாகிப் போயிருந்தார். புதுப் போதகர் பொறுமையாகக் கேட்டார். "பழசக் கிளறுனா சபைக்க மனசு நோவும்" என்றார். எலிசாளின் மனசு சபைக்குள் சேராது போலும். லில்லி விமானம் ஏறினாள். தீர்மானம் இன்னும் அப்படியே இருக்கிறது.

எலிசாள் மாறிவிடவில்லை. இன்றும் தங்கையின் மரத்தைப் பாராட்டினால் உங்களுக்கு அந்த வீட்டில் காப்பி கிடைக்காது. பொறாமைப்படுவது அவள் பாடு. அதற்காக அவளை யாரும் திருத்த வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். மன்னிக்கும்படி அவள் எதுவும் செய்யவில்லை. அவளிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இந்த வருடம் கிணற்றோரத் தென்னையின் முறை. வேலப்பனிடம் சொல்லியாகிவிட்டது. வருகிற குருத்தோலை ஞாயிறு காலையில் எலிசாள் ஈரத்துணியோடு வாசலில் நிற்பாள். அந்தப் பவனியில் நீங்களும் நடக்கிறவர் என்றால், முதலில் நான் கேட்ட கேள்விக்கு மனதுக்குள் 'இல்லை' என்று சொன்னவர் என்றால், அந்த வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கடையில் வாங்கிய ஓலையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை அவளிடம் நீட்டி, எல்லாரும் கேட்கும்படி ஒரு ஓலை கேளுங்கள்.